412-ஆம் அறையின் முக்கோணம்

என் அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முகம் தெரியாதவர்களின் சட்டைப் பையில் கையை விடுவார். எதையும் எடுக்க மாட்டார், அதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். வைப்பார். வம்பே அதில்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் வேலை பார்த்தோம். பதினொரு பேர், ஆறு இயந்திரங்கள், ஒரு பாய்லர். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. அண்ணிக்கு இஸ்திரி மேசை. எந்தச் சட்டை எந்த அறைக்குப் போக வேண்டும் என்று காலரின் உள்பக்கம் எண் தைப்பது என் வேலை. இருபது வருடத்தில் ஒரு பேண்ட்கூட அறை மாறிப் போனதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அண்ணியை அங்கே சேர்த்துவிட்டதே நாத்தனாரான நான்தான். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த ஆறாவது மாதம், "வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியல" என்றார். "வாங்க, உக்காரவே முடியாத இடம் ஒண்ணு காட்டுறேன்" என்று அழைத்துப் போனேன். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் என்னைத்தான் முறைத்தார்கள்.

அந்த அடித்தளத்தில் பிற்பகல் நான்கு மணி என்பது வெளியே இருக்கிற நான்கு மணி இல்லை. காலையிலிருந்து கிளம்பிய நீராவி எல்லாம் போக வழியில்லாமல் நம் தலை மேலேயே நிற்கும். மூக்கு நுனியில் தொங்கும் வேர்வையைத் துடைக்கக்கூடக் கை ஒழியாது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அசையாது. அண்ணி வந்த முதல் கோடையிலேயே கேட்டார்: "மேல எத்தனை நாட்டு ஆளுங்க வந்து தங்குறாங்க! அவங்க ஊர்லயும் வெயில் அடிக்கும்தானே? அப்ப என்னத்தைக் குடிப்பாங்க?"

கேட்டதோடு விட்டிருக்கலாம். மறுநாள் துணிக் கணக்கு எழுதும் வெற்றுச் சீட்டு ஒன்றில் பென்சிலால் ஒரு சூரியன், ஒரு காலி டம்ளர், ஒரு கேள்விக்குறி போட்டார். நன்றாகத் தேய்த்து மடித்த பூப்போட்ட சட்டை ஒன்றின் பைக்குள் அதை வைத்து அனுப்பிவிட்டார். படம் என்றால் பாஷை வேண்டாமாம். விருந்தினர் துணிக்குள் ஒரு துண்டு நூலை விட்டு அனுப்பினாலும் அன்றே வேலை போகும் என்று எங்கள் சுவரில் விதி ஒட்டியிருந்தது. அண்ணி அந்த விதிக்கு நேர் கீழே நின்றுதான் வரைந்தார்.

மூன்றாம் நாள் அழுக்குத் துணி மூட்டையில் பதில் வந்தது. 207-ஆம் அறை. ஒரு அன்னாசிப்பழம், அதன் தோல் மட்டும் தனியாக, ஒரு ஜாடி, மூன்று நிலா. மூன்று ராத்திரி என்று அண்ணிக்கு உடனே விளங்கிவிட்டது. பழத்தை நாங்கள் தின்றோம். தோலை வெல்லம் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டு, துணியால் வாய் கட்டி, ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றினார். மூன்றாம் நாள் பார்த்தால் பொங்கி நுரை கட்டியிருந்தது. "கெட்டுப் போச்சு, கொட்டு" என்றார் என் அண்ணன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வடிகட்டி, ஐஸ் போட்டு, நான்கு மணிக்குப் பதினொரு டம்ளரில் ஊற்றினார். புளிப்பும் இனிப்புமாக நாக்கில் சுருக்கென்று ஏறியது. பாய்லர்காரர் டம்ளரைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு யார் தடுக்க? ஒன்பது வருடத்தில் அண்ணி நூற்றுக்கும் மேற்பட்ட பைகளில் சீட்டு வைத்தார். பாதிப் பேர் பதில் போட்டார்கள். எந்த நாடு என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் அறை எண்ணே பெயராகிவிட்டது. 530 என்றால் காய்ந்த சிவப்புப் பூவைக் கொதிக்க வைத்து ஆறவிட்டது. 316 என்றால் அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்த பால். "இன்னிக்கு 316-ஆ? எனக்கு 530-தான் பிடிக்கும்" என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. எங்கள் கண் சலவைக் கண். துணி லேபிளில் தொட்டி போட்டிருந்தால் துவை, தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவை, முக்கோணம் என்றால் ப்ளீச், இஸ்திரிக்குள் மூன்று புள்ளி என்றால் நல்ல சூடு. வேறு படத்தைப் பார்த்தாலும் எங்கள் புத்தி அந்தப் பக்கமே ஓடும். 118-காரர் வாணலியில் பார்லி வரைந்து பக்கத்தில் மூன்று புள்ளி வைத்திருந்தார். நாங்கள் வீடே புகையக் கருகக் கருக வறுத்தோம். மூன்று பேருக்கு என்று சொன்னாரோ என்னவோ. ஆனால் வறுத்த பார்லித் தண்ணீர் அருமையாக இருந்தது, அதனால் நாங்கள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கம். எந்தத் துணியை நீட்டினாலும் அதில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். வேலை நேரத்தில் குடிப்பதும் தின்பதும் ஒழுங்கில்லை என்பார். ஆனால் நான்கு மணிக்கு மூடி போட்ட டம்ளர் ஒன்று அவருடைய கண்ணாடி அறைக்குப் போகும், சொட்டு மிச்சமில்லாமல் திரும்பும். அது எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் ஒழுங்கு கெட்டுவிடும் அல்லவா?

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கையில் ஒரு சீட்டோடு இறங்கி வந்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அண்ணியின் சீட்டு.

"412-ல தங்கியிருக்கிற அம்மா இதைக் கொண்டு வந்து ரிசப்ஷன்ல நீட்டியிருக்காங்க. பாஷை புரியல. விரலால தட்டித் தட்டிக் காட்டினாங்களாம்" என்று சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு முக்கோணம், அதற்குள் கறுப்புப் புள்ளிகள், கீழே ஒரு துணி, அதிலிருந்து சொட்டுகள்.

"முக்கோணம், ப்ளீச். புள்ளி, கறை. இதோ துணி. இதுக்கு மேல ஒரு ஆளு எப்படிப் புகார் பண்ணுவாங்க? முதல்ல, இந்தச் சீட்டை வச்சது யாரு?"

எல்லாரும் துணியை மடிக்கக் குனிந்துகொண்டோம். சுருக்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆளுக்கொரு சீட்டும் பென்சிலும் கொடுத்தார்.

"எல்லாரும் ஒரு சூரியனும் டம்ளரும் வரைங்க. கை காட்டிக் கொடுத்துடும்."

கை காட்டிக் கொடுக்கும்தான். அண்ணி வரையும் டம்ளர் இடது பக்கம் சாய்ந்து, ஒரு கிறக்கத்தில் நிற்கும். அவருடைய சூரியனுக்குப் புருவம் உண்டு. உலகத்தில் வேறு யாரும் சூரியனுக்குப் புருவம் போட்டு நான் பார்த்ததில்லை. வரிசையில் முதல் ஆள் நான். ஒன்பது வருடமாக "இது வேண்டாம் அண்ணி, வேலைக்கு உலை வச்சிடும்" என்று மூச்சு முட்டச் சொன்னவளும் நான்தான். கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே டம்ளரை இடது பக்கம் சாய்த்தேன். சூரியனுக்கு அடர்த்தியாக இரண்டு புருவம் வைத்தேன்.

அடுத்து நின்றவர் என் சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு அவரும் சாய்த்தார்.

மேசையில் பதினொரு சீட்டு பரப்பினார் மேனேஜர். பதினொரு டம்ளரும் சாய்ந்திருந்தன. பதினொரு சூரியனும் புருவத்தை உயர்த்தி அவரைப் பார்த்தன. பாய்லர்காரருக்கு வரைய வராது, அவருடையது மட்டும் கொஞ்சம் மீசை மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்திருந்தால் அன்றைக்கே இரண்டு வேலை போயிருக்கும்.

"சரி" என்றார் மேனேஜர். "வரைஞ்சது யாருன்னு தெரியல. ஆனா ப்ளீச் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும்."

எல்லாரும் ப்ளீச்காரரைப் பார்த்தோம். இருபத்தாறு வருடமாக வெள்ளைத் துணித் தொட்டியில் நின்று விரல் நகமெல்லாம் வெளுத்துப்போன மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது.

"கலர் துணிப் பக்கமே நான் போகல சார்" என்றார்.

"படமே போட்டுக் கொடுத்திருக்காங்க, அப்புறம் என்ன? இன்னியோட கணக்கு முடிச்சுக்குங்க."

அண்ணி பக்கத்தில்தான் நின்றார். அவர் கால் மேல் என் காலை வைத்து அழுத்தினேன். பேசாமல் இருந்தால் அவர் வேலை தப்பித்துவிடும். பேசினால் சுவரில் ஒட்டியிருக்கிற விதி அவருக்குத்தான். என் காலை மெதுவாகத் தள்ளிவிட்டு அண்ணி ஒரு அடி முன்னால் வைத்தார்.

"சார், அது ப்ளீச் இல்ல. தர்பூசணி."

"என்னது?"

"தர்பூசணித் துண்டு. புள்ளியெல்லாம் கொட்டை. கீழ இருக்கிறது வடிகட்டுற துணி. முன்பக்கம் இருக்கிற கேள்வி நான் கேட்டது. இது அதுக்குப் பதில்."

மேனேஜர் நம்பவில்லை. ப்ளீச்காரரைக் காப்பாற்ற அண்ணி கதை கட்டுகிறார் என்று நினைத்தார்.

"முப்பது வருஷமா சலவையில இருக்கேன்மா. முக்கோணத்துக்கு எனக்கு நீங்க பாடம் எடுக்கறீங்களா?"

"நான் எதுக்கு சார் பாடம் எடுக்கணும்? மேல போய் அந்த அம்மாவையே கேட்டுடலாம்."

சேவை லிஃப்டில் மூன்று பேர் ஏறினோம். அந்த அம்மாவின் நீல முழுக்கைச் சட்டையை நான் தட்டில் ஏந்திக்கொண்டேன், போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. கதவைத் திறந்தவர் குட்டையாக, ஒட்ட வெட்டிய நரைமுடியோடு இருந்தார். மேனேஜர் சட்டையை விரித்துக் காட்டி, எங்கே கறை என்று கையால் கேட்டார். அவர் சட்டையையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையில் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

அண்ணி குறுக்கே புகுந்தார். இரண்டு கையாலும் இல்லாத துண்டு ஒன்றைப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை கடித்து, கொட்டையைத் த்தூ என்று துப்பினார். துப்பியது மேனேஜரின் ஷூ இருந்த திசையில். தற்செயல் என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

412 கையைத் தட்டிச் சிரித்தார். குளியலறைக்கு ஓடி ஒரு துவாலையை எடுத்து வந்து, பழத்தைக் கட்டிப் பிழிவது போலப் பிழிந்து காட்டினார். கடைசியில் ஏதோ இலையைக் கசக்கி முகர்ந்தும் காட்டினார். மேனேஜரின் காது மடல் சிவந்துவிட்டது. "மன்னிக்கணும்" என்று நம் பாஷையிலேயே சொன்னார் பாவம்.

கிளம்பப் போனோம். அந்த அம்மா விடவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவசரமாக ஒரு சூரியன், ஒரு டம்ளர், ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு பென்சிலை அண்ணியின் கையில் வைத்து, விரலால் அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நீ?

அண்ணி அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது வருடத்தில் உலகத்தையே கேட்டவர். திருப்பி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. இஸ்திரி மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் தாகம் எடுக்கும் என்று அந்த ஹோட்டலில் அதுவரை எந்த அறையும் யோசித்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது, தட்டைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

"நாம என்னத்தைக் குடிக்கிறோம்?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஊரார் குடிக்கிறதை எல்லாம்" என்றேன்.

முறைத்துவிட்டுக் குனிந்தார். ஒரு குழாய் வரைந்தார். ஒரு எலுமிச்சை. இரண்டு விரல் இடுக்கில் ஒரு சிட்டிகை உப்பு. ஒரு ஜாடி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஜாடிக்குப் பக்கத்தில் அழுத்தம் திருத்தமாக ஒரு இஸ்திரிப்பெட்டி வரைந்தார். உள்ளே மூன்று புள்ளி வைத்தார்.

"அது எதுக்கும்மா?" என்றார் மேனேஜர்.

"தாகம் எங்கேருந்து வந்துதுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா சார்?"

412 தாளை நாலாக மடித்து நீலச் சட்டையின் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ப்ளீச்காரரை வேலையைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். "ஆனா விதி விதிதான். உங்களை வேலைய விட்டு எடுக்கல. நாலு நாள் வீட்ல இருங்க."

"சரி சார்" என்றார் அண்ணி, தலையைக் குனிந்துகொண்டு. குனிந்தது சிரிப்பை மறைக்க என்பது எனக்குத் தெரியும்.

அந்த நாலு நாளும் வீட்டில் தர்பூசணி தவிர வேறு பேச்சு இல்லை. பெரிய கேனில் நான்தான் சுமந்து வந்து ஊற்றினேன். ப்ளீச்காரர் தினமும் இரண்டு டம்ளர் குடித்தார். மேனேஜரின் டம்ளரை மட்டும் மூடி போட்டுக் காலியாகவே அனுப்பினேன். காலியாகவே திரும்பி வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை.

412 ஊருக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. அவரை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் தூக்கம் கெடுகிறது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து அந்தத் தாளை விரித்திருப்பார். எலுமிச்சையைப் பிழிந்து, உப்பைப் போட்டு, இஸ்திரிப்பெட்டியை நன்றாகக் காயவைத்து ஜாடிக்குள் இறக்கியிருப்பார். இறக்கிவிட்டு, இதுதான் அந்த நாட்டுப் பானம் என்று தன் வீட்டு மனிதர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்திருப்பார்.