சின்னத் தொட்டி ஒயிலும் புத்தூர் வெங்காயமும்

பழைய ஜப்பான் லொறி வைத்திருப்பவர்களும், அப்படியொரு லொறியில் யாழ்ப்பாணத்துக்குள் ஓடித் திரியப் போகிறவர்களும் இதை முழுவதும் வாசியுங்கள். ஊர் பார்க்க மட்டும் வருகிறவர்கள் நிலாவரைக் கிணறு வரும் இடத்திலிருந்து தொடங்கினாலும் குற்றமில்லை. ஆனால் அப்படி வாசித்தால், இந்தக் குடாநாட்டில் வேறு எவரும் செய்து பார்த்திராத ஒரு பரிசோதனையைத் தவற விடுவீர்கள்.

போன மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை விடிய யேசுதாசன் போன் எடுத்தான். கொழும்புத்துறைக்காரன். நான் கண்டி வீதியில் லொறி ஓட்டிய காலத்தில் என்னிடம் கிளீனராக இருந்தவன், இப்போது சொந்தமாக ஒரு லொறி வைத்திருக்கிறான். எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. அவனுக்குத் தெரியாததை அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணை, புத்தூர்ப் பவளக்காவின்ரை வெங்காயம் இண்டைக்கு ஏத்தவேணும். ஒயில் மாத்திற நாளும் வந்திட்டுது. கராஜ்காரர் சொல்லுறார், இந்த எஞ்சினுக்கு ஹைபிரஷர் ஒயில் வேறையாம், பம்பைக் கழட்டித்தான் மாத்தவேணுமாம், நாலு நாள் லொறியை விட்டிட்டுப் போகட்டாம். பாட்ஸ் கடைக்காரர் எண்டால், அதெல்லாம் சும்மா கதை எண்டுறார். என்ன செய்ய?"

"நான் வாறன். ஒண்டையும் தொடாதை," என்றேன்.

விஷயம் இதுதான். வழக்கமான டீசல் எஞ்சினில் பம்ப் டீசலை அமுக்கி இன்ஜெக்டருக்கு அனுப்பும். தாசனின் லொறியில் அப்படியில்லை. அங்கே ஒயிலின் அமுக்கம்தான் இன்ஜெக்டரை வேலை செய்ய வைக்கிறது. அந்த ஒயில் எஞ்சினின் மேல்பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் தொட்டியில் நிற்கும், பக்கத்திலேயே ஒரு பம்ப். எஞ்சின் ஒயிலைக் கீழே திறந்து விடும்போது அடித்தொட்டிதான் காலியாகும். மேலே உள்ள சின்னத் தொட்டியில் பழசு அப்படியே நிற்கும். அதையும் தனியாக மாற்ற வேண்டுமா, விட்டுவிடலாமா? உலகத்துப் பெரிய பெரிய எஞ்சினியர்மாரே தலையைச் சொறிகிற கேள்வி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், எஞ்சின் என்று வந்தால் என் காது பொய் சொல்லாது. காங்கேசன்துறையில் கப்பல் ஸ்டார்ட் பண்ணினால் வீட்டுக்குள் இருந்தே எத்தனை சிலிண்டர் என்று சொல்லுவேன்.

கேள்வியோடு அவசரமும் இருந்தது. பவளக்கா வெங்காயத்தைக் கிண்டி, காயவைத்து, மூட்டை கட்டி முற்றத்தில் அடுக்கியிருந்தா. அவவின் கொட்டிலின் கூரை போன மழையோடு சரிந்துவிட்டது. மாசியில் மழை வராது என்று நினைத்திருந்த நேரத்தில் வடகிழக்கு கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த வெங்காயம் இரண்டு நாளில் மணக்கத் தொடங்கிவிடும். ஆறு பரப்புத் தோட்டத்து வருமானம் முழுக்க அந்த முற்றத்தில் கிடந்தது.

கொழும்புத்துறையில், கடற்கரையோரம் தாசனின் வீட்டு வேம்படியில் வேலையைத் தொடங்கினோம். அடித்தொட்டி ஒயிலைத் திறந்து விட்டு, பில்டர் மாற்றி, புது ஒயில் ஒன்பது லீற்றர் விட்டோம். சின்னத் தொட்டியைத் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ண முதல் ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்து, என் வேட்டிக் கரைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். தேன் நிறம். பிறகு சின்னத் தொட்டியின் மேல் நட்டைக் கழற்றி, ஊசிக்குழாயால் ஒரு சொட்டு எடுத்து அதற்கு அருகில் இன்னொரு பொட்டு. அட்டைக் கறுப்பு.

"வேட்டி போச்சு, அண்ணை."

"வேட்டி வேறை வாங்கலாம். புத்தூரிலை திரும்பவும் இரண்டு பொட்டு வைப்பம். வேறை வேறை ஒயில் எண்டால் வேறை நிறத்திலை நிக்கும். கலந்திருந்தால் ஒண்டாய் நிக்கும். கராஜ்காரரும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம், வேட்டி சொல்லட்டும்."

எட்டே முக்காலுக்குப் புறப்பட்டோம். நல்லூர் தாண்டிப் பருத்தித்துறை வீதியில் ஏறி, கோப்பாய், நீர்வேலி வழியாகப் புத்தூர். பதினாலு கிலோமீற்றர் சொச்சம், லொறியில் முக்கால் மணித்தியாலம் வையுங்கள். நீர்வேலியில் வீதியோரம் வாழைக்குலை வாங்குகிறவர்கள் காலையிலேயே வாங்கிவிடுங்கள். புத்தூரிலிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் நிலாவரைக் கிணறு. அடி காணாத கிணறு என்பார்கள். நான் சின்ன வயதில் அதற்குள் ஒரு தேங்காய் போட்டு, அது கீரிமலையில் மிதந்ததைக் கண்ணால் கண்டவன். என் அடையாளம் வைத்த தேங்காய்.

பவளக்கா வாசல் படலையில் நின்றா. அறுபத்தைந்து வயதிருக்கும், குரலுக்கு இருபத்தைந்து.

"வானத்தைப் பாத்தியே தம்பி? நீங்கள் வாறதுக்குள்ளை வெங்காயம் முளைச்சிடும் எண்டு நினைச்சன்."

மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். அறுபது மூட்டை. தாசன் நாற்பது என்பான், அவன் எண்ணும்போது நான் அங்கே இல்லை. நான் எஞ்சினைத் திறந்து அடுத்த இரண்டு பொட்டுகளை வைத்தேன். கம்பியிலிருந்து ஒன்று, சின்னத் தொட்டியிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே நிறம், பால் விடாத தேநீர்! பதினாலு கிலோமீற்றருக்குள் மேலுள்ள கறுப்பும் கீழுள்ள தேனும் கலந்துவிட்டன. இரண்டும் ஒரே ஒயில்தான், சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதற்கென்று தனி ஒயிலும் இல்லை, பம்பைக் கழற்றும் தேவையும் இல்லை.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் என் மூளை அப்படி நிற்கிற மூளை இல்லை. சின்னத் தொட்டியில் எவ்வளவு பழசு மிஞ்சுகிறது என்று அளந்தால்தானே, அது பெரிய காரியமா சின்னக் காரியமா என்று உங்களுக்குச் சொல்லலாம்? ஊசிக்குழாயை விட்டு, முழுவதையும் உறிஞ்சிப் போத்தலில் விட்டேன். ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பதுக்கு ஒன்று. குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டை ஏற்றி முடிந்தது. தாசன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொரு தரம், அதுவும் இல்லை. மூன்றாம் தரம் சத்தம் இழுபட்டது.

"அண்ணை, என்னத்தைக் கழட்டினீங்கள்?"

"அளந்தனான். பம்ப் தானாய் நிரப்பும்."

"நிரப்புறதுக்குள்ளை பற்றரி செத்திடும். இன்னும் ஒருக்காத்தான் அடிக்கும் போலை."

"எடுத்த ஒயிலைத் திருப்பி விடுவம்," என்று போத்தலைத் தேடினேன். காணவில்லை. இந்தப் பக்கத்தில் கழிவொயிலை ஒருவரும் வீணாக்க மாட்டார்கள். கறையான் அரிக்காமல் இருக்க மரத்துக்குப் பூசுவார்கள். பவளக்கா ஒரு தேங்காய்ப் பொச்சுத் தும்போடு படலையடியில் நின்றா. படலைத் தூணாக நின்ற வலப்பக்கக் கப்பு மேலிருந்து கீழ்வரை ஒயில் ஊறிக் கறுப்பாய் மினுங்கியது.

"கழிச்சது எண்டுதானே தம்பி நினைச்சன்? இனி அதைக் கப்பிலை இருந்து நக்கியே எடுக்கப்போறாய்?"

புது ஒயிலின் மிச்சம் கொழும்புத்துறை வேம்படியில் நின்றது. முதல் துளி என் நெற்றியில் விழுந்தது. லொறியில் மூட்டைகளை மூடக் கிடந்த படங்கோ தாசனின் பழைய மீன்வலையைவிட ஓட்டை. பவளக்கா தலையில் போட்டிருந்த துவாயை எடுத்து மேல் மூட்டையை மூடினா. ஒரு மூட்டையையும் முழுதாய் மூடாத துவாய்.

"ஏன் பிடிக்குதில்லை?" என்று கேட்டா.

"பம்புக்கை ஒயில் இல்லை அக்கா," என்றான் தாசன்.

"அப்ப என்ன கோதாரிக்கு அதைப் போட்டுச் சுத்துறாய்? தோட்டத்து இறைப்பு மெஷினுக்குத் தண்ணி இறங்கினால் நான் சும்மா சுத்திக்கொண்டு நிக்கிறனானே? வாய்க்குள்ளை தண்ணி விட்டிட்டெல்லோ அடிக்கிறனான்."

நானும் அந்த நேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவ வாயைத் திறந்தது அரை விநாடி முந்தி. வாய்க்குள் விட ஒயில் எங்கே என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. அதற்குப் பதில் என் வேட்டியில் இருந்தது. இரண்டு பொட்டும் ஒரே நிறம்! மேலே ஓடுவதும் கீழே கிடப்பதும் ஒன்று என்றால், கீழே இருப்பதை எடுத்து மேலே விட்டால் என்ன?

ஒயில் கம்பி போகிற குழாய்க்குள் ஊசிக்குழாயின் மெல்லிய ரியூப்பை இறக்கி உறிஞ்சினேன். சின்னத் தொட்டிக்குள் விட்டேன். பவளக்கா எனக்கும் எஞ்சினுக்கும் மேலே யூரியாப் பையொன்றை விரித்துப் பிடித்தா. எத்தனை தரம் உறிஞ்சினேனோ தெரியாது, நூறு வையுங்கள். தொட்டியின் வாய் வரை ஒயில் மினுங்கியதும் நட்டைப் பூட்டினேன்.

"தாசன், மாதாவைக் கும்பிட்டிட்டு அடி."

"நான் மாதாவைக் கும்பிடுறன், நீங்கள் உங்கடை பிள்ளையாரைக் கும்பிடுங்கோ. ஆரெண்டாலும் வரட்டும்."

சுற்றியது. ஒருமுறை இருமியது. பிறகு முழு எஞ்சினும் ஒன்றாய்ப் பிடித்து உறுமியது. பவளக்கா யூரியாப் பையோடு முன் சீற்றில் பாய்ந்து ஏறினா. "இனி எங்கையாவது எதையும் திறந்தியோ, கையை முறிப்பன்," என்றா என்னைப் பார்த்து.

புத்தூரிலிருந்து சுன்னாகம் சந்தை எட்டு கிலோமீற்றர். தாசன் ஓடிய ஓட்டத்தில் மழையை முந்திக்கொண்டு போனோம். பின் ரயர் நனைந்தது, முன் ரயர் காய்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? சந்தைக் கூரைக்குக் கீழே கடைசி மூட்டை இறங்கவும், வானம் உடைந்து கொட்டவும் சரியாக இருந்தது. மேலே இருந்த மூன்று மூட்டைதான் கொஞ்சம் ஈரம். பவளக்கா அவற்றை அங்கேயே பிரித்துப் பரப்பினா. ஒவ்வொரு வெங்காயமாக உருட்டிப் பார்த்து முடிந்த பிறகுதான் தேநீர் கேட்டா.

சந்தைக்கு எதிர்க்கடையில் அதே ரக ஒயில் ஒரு லீற்றர் வாங்கிக் குறையை நிரப்பினோம். மழை விட்டதும் பரிசோதனையை முடிக்கக் காங்கேசன்துறை வரை ஓடிப் பார்த்தோம். பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டிக் கடற்கரையில் நிறுத்தி, கடைசி இரண்டு பொட்டு. அதே தேநீர் நிறம். காலையில் முதல் ஸ்டார்ட் இழுத்ததுபோல இப்போது இழுக்கவில்லை. என் கை பட்டதால் என்று தாசன் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

ஆகவே, இப்படியான எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு. தனியாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மிஞ்சுகிற பழசு ஒன்பதுக்கு ஒன்று, நேரத்துக்கு எஞ்சின் ஒயிலை மாற்றிவந்தால் அது புதுசோடு கலந்து போய்விடும். மனம் கேட்காதவர்கள் உறிஞ்சி எடுக்கலாம், பம்பைக் கழற்ற வேண்டாம். ஆனால் எடுத்த கையோடு, சாவியைத் தொட முதல், அதே எஞ்சின் ஒயிலை அந்தத் தொட்டிக்குள் வாய் வரை விடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள், என் பெருவிரல் இன்னும் எரிகிறது. வெள்ளை வேட்டி கட்டாயம். கட்டம்போட்ட சாரத்தில் பொட்டின் நிறம் தெரியாது.

பின்னேரம் பவளக்காவைப் புத்தூரில் இறக்கினோம். மழையில் கழுவுண்ட படலையில் வலப்பக்கக் கப்பு கறுப்பாய் மினுங்கியது, இடப்பக்கக் கப்பு வெறும் மரம். அவ இரண்டையும் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"ஒரு கப்புக்குத்தான் தம்பி கண்டது. அடுத்த போகத்துக்கு வரேக்கை மற்றதுக்கும் கொண்டு வா. ஆனால் அதைக் கொழும்புத்துறையிலையே எடுத்துக்கொண்டு வா."