பெயர் மாறிய பள்ளி

பேரன் படிக்கும் பள்ளிக்குப் பெயர் மாற்றுகிறார்கள். அவனை அழைத்துப்போக வாசலில் நின்றேன்; பெயிண்ட் வாடை அடித்தது.

எழுபதுகளில், திருப்போரூரில் நான் படித்த பள்ளியும் ஜாதிப் பெயரை அழித்துவிட்டு 'சமத்துவப் பள்ளி' ஆனது. பலகையை எழுதியவர் என் நைனா. நெம்மேலிக் குப்பத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். எழுதி முடித்து ஏணியிலிருந்து இறங்கி, "தாகமா கீது, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று பள்ளி ஆயாவிடம் கேட்டார்.

டம்ளர் பக்கத்திலேயே இருந்தது. ஆயா அதைத் தொடவில்லை. "கைய ஏந்துய்யா" என்று சொம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். பெயிண்ட் காயாத கைகள். தண்ணீரில் நீலம் மிதந்தது. நைனா அதைத்தான் குடித்தார்.

தலைமை ஆசிரியர் பலகையை அண்ணாந்து பார்த்து, "எழுத்து நல்லா வந்திருக்குப்பா" என்றார்.

"வெயில்ல நின்னுகினு கீறியேமா, இந்தா தண்ணி." பேரன் பள்ளி வாட்ச்மேன் டம்ளரை நீட்டினார். அதற்குள் என் கைகள் இரண்டும் குவிந்துவிட்டன.