செருப்பில் கிடந்த கரி

மார்கழி விடியலில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பனியும் சிமெண்டுத் தூசியும் சேர்ந்தே இறங்கும்; முருங்கை இலையைத் தொட்டால் விரலில் சாம்பல் நிறத்தில் பசை ஒட்டிக்கொள்ளும், மூக்கில் ஈரச் சுண்ணாம்பின் வாசம் ஏறும். அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிமெண்டு ஆலையில் அப்பா எலக்ட்ரீஷியன். ஆலைக்குப் பின்னால் இரண்டு வரிசை வீடுகள், வரிசை முடியும் இடத்தில் ஒரு பங்களா. நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், புது உலை ஒன்றைப் பொருத்தித் தருவதற்காக இத்தாலியிலிருந்து வந்த என்ஜினியர் ஒருவரும் அவர் மனைவியும் அந்தப் பங்களாவில் குடியேறினார்கள். அந்த அம்மாள் பெயர் லூச்சியா என்று அப்பா சொன்னார். குவார்ட்டர்ஸுக்கு அவர் "வெள்ளைக்காரம்மா"தான்.

என் அம்மா ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எதையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் நம்பாதவள். பால்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டால், பாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால், என்ன விசேஷம் என்று தெரியும்வரை எங்கள் கைக்குக் கரண்டி வராது. "சும்மா வர்ற சோத்துலதான்டி கல்லு கெடக்கும்" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு வெள்ளைக்காரம்மாவைப் பார்த்த நாள் முதலே நிம்மதி போய்விட்டது. அவர் ஏன் நம் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறார், சாயங்காலமானால் ஏன் வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறார், அரியலூர்த் தையல்கடையில் வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளை ஏன் கேட்டு வாங்குகிறார் என்று அவள் கேட்காத நாள் இல்லை.

துண்டுத் துணிக்கு மட்டும் சீக்கிரமே விடை கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பங்களா ஜன்னலில் ஒரு பொம்மை தொங்கியது. கையால் தைத்த கிழவி. வளைந்த மூக்கு, மோவாயில் மரு, ஒட்டுப்போட்ட பாவாடை, தலையில் முக்காடு, கால்களுக்கு நடுவே ஒரு துடைப்பம். நம் ஊரிலும் கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை வைப்பதுண்டு, ஆனால் ஒரு கிழவியைத் துடைப்பத்தின் மேல் ஏற்றித் தொங்கவிடுவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. "அது நம்ம வூட்டைப் பாத்துல்ல தொங்குது" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. அவளுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. அன்றைக்கே அந்தப் பக்கத்து ஜன்னலை அடைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒருநாள் காலையில் அம்மா கொல்லையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, நான் முதலில் வாசலுக்கு வந்தேன். என் செருப்பு ஒவ்வொன்றிலும் காகிதம் சுற்றிய ஒரு மிட்டாயும் ஒரு கரித்துண்டும் இருந்தன. எட்டிப் பார்த்தேன், பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டு வாசலிலும் அப்படியே. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கரியை எடுத்தேன். விரலில் பிசுபிசுத்தது. விரலை நக்கினேன், இனித்தது. கடித்தேன், கறுக்கென்று உடைந்து நாக்கில் கரைந்தது. சர்க்கரை! நிமிர்ந்தபோது பங்களா கேட்டுக்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெள்ளைக்காரம்மா நின்றிருந்தார். நான் தின்றதை அவர் பார்த்துவிட்டார். உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். குழாயடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்துவிட்டு, எதுவும் தெரியாதவள்போலப் போர்வைக்குள் நுழைந்துகொண்டேன்.

செல்வி அக்காவின் அலறலில்தான் வரிசை முழுவதும் விழித்தது. விடியும்போதே அவள் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. பதறிப்போய் வாசலைத் திறந்தால் செருப்பில் கரி. எங்கள் பக்கத்தில் வாசற்படியில் கரித்துண்டு கிடந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், "செய்வினை". அம்மாதான் முன்னால் நின்றாள். யாரும் கையால் தொடக்கூடாது என்று சொல்லி, வேப்பங்குச்சியால் எல்லாவற்றையும் ஒரு முறத்தில் தள்ளினாள். தீட்டு கழியட்டும் என்று யாரோ ஒரு துண்டை மஞ்சள் தண்ணீரில் போட்டார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். கறுப்பு மெதுவாகத் தண்ணீரில் பரவியது, கரியைக் காணோம்.

"கரி எங்கியாவது கரையுமாடி?" என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் பக்கம் திரும்பி, "நீ எதையாச்சும் தொட்டியா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்வி அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக, மற்றப் பெண்களும் பிள்ளைகளுமாக முறத்தோடு பங்களாவுக்குப் போனோம். வெள்ளைக்காரம்மா கையில் மாவோடு, விருந்தாளிகள் வந்துவிட்டதுபோல முகம் மலர வெளியே வந்தார். ஆளுக்கு ஒன்றாகக் கத்தியதில் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. முறத்தைப் பார்த்ததும் ஏதோ விளங்கியவர்போல ஒரு துண்டை எடுத்துக் கடித்து மென்று காட்டினார். பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். "தின்னுறாடி, கரியைத் தின்னுறா!" இன்னொரு துண்டை எடுத்து ஒவ்வொருவரிடமாக நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அப்போதுதான் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. நேராக என்னிடம் வந்து குனிந்து நீட்டினார்.

ஒரு வாய் கடித்திருந்தால் போதும். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு அந்தத் துண்டை முறத்தில் பழையபடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, இருந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டாம் நாள் ஒரு கிழவி துடைப்பத்தில் பறந்து வருவாளாம், நல்ல பிள்ளைகளின் காலுறையில் மிட்டாயும் குறும்புக்காரர்களுக்குக் கரியும் போட்டுவிட்டுப் போவாளாம். அந்தக் கரியையும் விளையாட்டுக்காகச் சர்க்கரையில் செய்வார்களாம். இங்கே எல்லா வீட்டிலும் செருப்பை வாசலில் விட்டிருப்பதைப் பார்த்து, எல்லாரும் அந்தக் கிழவிக்காகக் காத்திருப்பதுபோல அவருக்குத் தோன்றியதாம். அம்மா முழுவதும் கேட்டாள். "துடைப்பத்துல கெழவி பறந்து வர்றாளாம், அதை அவளே சொல்லியிருக்கா, நீங்களும் கேட்டுட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள். அப்பா கைகால் கழுவக் குழாயடிக்குப் போனார்.

குழந்தைக்கு ஊசி போட்டு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. வழியில் பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வந்ததால்தான் பிழைத்தது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். நான் மட்டும் நாள்தோறும் என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சர்க்கரைதான் என்று நாக்குக்குத் தெரியும். ஆனால் அத்தனை பெரியவர்கள் பயப்படுகிற ஒன்று உள்ளே போயிருக்கிறதே என்ற சந்தேகம் என்னையும் பிடித்துக்கொண்டது.

போகி அன்று காலை வரிசைக்கு நடுவில் பழைய பாயும் கிழிந்த துணியும் எரிந்துகொண்டிருந்தபோது வெள்ளைக்காரம்மா தனியாக நடந்து வந்தார். கையில் அந்தப் பொம்மை. யாரையும் பார்க்காமல் அதைத் தீயில் போட்டு, முக்காடு கருகி முகம் விழும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். "பாத்தியா, குட்டு வெளிப்பட்டுப்போச்சுன்னு அவளே எரிச்சுட்டா" என்றாள் அம்மா. அவர்கள் நாட்டில் சில ஊர்களில் பழைய வருடத்துப் பீடை தொலையட்டும் என்று அந்தக் கிழவியை எரிப்பதும் வழக்கம்தான் என்பதை, எத்தனையோ வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அவர் பயந்து எரித்தாரா, நம்மோடு சேர்ந்து பண்டிகை கொண்டாடினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தை முடிவதற்குள் அவர் மட்டும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். என்ஜினியர் வேலை முடியும்வரை தனியாக இருந்தார்.

இப்போது அந்த வரிசை வீடுகள் இல்லை. ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் நீண்டு நீண்டு, பங்களா நின்ற இடமும் குழாயடியும் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளமாகிவிட்டன. அம்மா என்னோடு பெரம்பலூரில் இருக்கிறாள். இப்போதும் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் விழுங்குவாள். போன மார்கழியில் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் அந்தக் கரியை நான் தின்றதைச் சொன்னேன். கீரைத்தண்டு கையில் அப்படியே நின்றது. எங்கே அடித்துவிடுவாளோ என்று இந்த வயதிலும் ஒரு கணம் பயந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அங்கேயே நானும் ஒரு துண்டை வாங்கித் தின்னிருப்பேனேடி" என்றாள்.

மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிப் போடலாம் என்று தோன்றுகிறது. லூச்சியா எந்த ஊர்க்காரர் என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அப்பா இப்போது இல்லை.