முன்சீட்டில் மேஸ்திரி

அன்னக்கிளிக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் இருபத்தைந்து வருடம் முதுகுக்குப் பின்னால் ஒரு அதட்டலைக் கேட்டே போய்விட்டது. நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் அவள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிப்பார்கள். மேஸ்திரி எல்லப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார். செடியைத் தொடமாட்டார், சத்தம் மட்டும் போடுவார். அந்தத் தொண்டைக்கு ஒரு நாள் லீவு கிடையாது.

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த அவளுடைய அப்பா அம்மாவும் அங்கே இதைத்தான் கேட்டார்கள். சகித்துக்கொண்டார்கள், பாவம். அன்னக்கிளிக்குச் சகிப்புத்தன்மை ரத்தத்திலேயே இல்லை.

தோட்டத்துக்குக் கீழே ஏரிக்கரையில் ஊட்டியில் கடை வைத்திருப்பவரின் மகன் வாஜித் படகுத்துறை போட்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகுகளைக் கழுவிக் கொடுக்கப் போனாள். கழுவிய படகைச் சும்மா விடுவாளா? மூன்று மாதத்தில் துடுப்பு அவள் சொன்னபடி கேட்டது. விருந்தாளிகளை ஏற்றிப் போக வாஜித் ஆள் தேடியபோது, "நான் இருக்கும்போது யாரத் தேடுற தம்பி?" என்றாள்.

வாஜித் சிரித்துவிட்டு ஒரு சோதனை வைத்தான். படகே ஏறாத ஒருவரை இரண்டு பேர் உட்காரும் கயாக்கின் முன்சீட்டில் உட்காரவைத்து, நடு ஏரியிலுள்ள சிவப்பு மிதவையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். "முன்னால இருக்கறவங்க பயந்துட்டா வேலை இல்லீங்க அக்கா. நான் அவங்களக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

புதன்கிழமை சோதனை. எல்லப்பன் லீவு தரவில்லை. அவள் லீவில்லாமலே போனாள்.

துரத்திக்கொண்டு குடையும் கையுமாக அவரே கரைக்கு இறங்கி வந்தார். வாஜித் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏனுங்க, படகுல ஏறியிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அப்ப நீங்கதானுங்க சரியான ஆளு."

மேலே சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லப்பனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அன்னக்கிளி பின்னால் உட்கார்ந்து படகைத் தள்ளினாள்.

பழக்கதோஷம் யாரை விட்டது? துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு மேஸ்திரி வேலை பார்க்க ஆரம்பித்தார். "வேகமாப் போடு! இந்தப் பக்கம்! அங்க எங்க போற?" அவளை முறைப்பதற்காகத் திரும்பினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே உறைந்துபோனார்.

"திரும்பாதீங்க மேஸ்திரி. கவுந்துரும்."

கரை தூரத்தில் போயிற்று. மிதவைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. அவர் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார், விரல்கள் வெளுத்துவிட்டன.

"படகத் திருப்பு அன்னக்கிளி. கரைக்குப் போ."

"எதுக்குங்க?"

"நான் சொல்றேன், திருப்பு. இல்லைன்னா நாளைலருந்து உனக்குத் தோட்டத்துல வேலை கிடையாது."

இருந்த ஒரே வேலையும் போயிற்று. அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். படகு தானாக மிதந்தது.

"பயமா இருக்குன்னு சொல்லுங்க, இப்பவே திருப்பறேன். படகுல வந்தவங்க பயந்தா திருப்பித்தான் ஆகணும். எனக்கு வேலை கிடைக்காது, போகட்டும். ஆனா மேஸ்திரியா அதிகாரம் பண்ணினீங்கன்னா, இந்தத் தண்ணியில அது செல்லாது."

அவர் கழுத்து மட்டும் அவளுக்குத் தெரிந்தது. வியர்த்திருந்தது. பயம் என்கிற அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அவள் கதை முடிந்தது. காத்திருந்தாள்.

எல்லப்பன் மிதவைப் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினார்.

அன்னக்கிளி துடுப்பை எடுத்தாள். அவசரப்படாமல் மிதவையைச் சுற்றிக் கரை சேர்த்தாள். வாஜித் கைகொடுத்து அவரை இறக்கினான். கரையேறிய பிறகும் அவர் அந்தக் கையை விடவில்லை.

"பயந்துட்டீங்களா?"

எல்லப்பன் சரிவைப் பார்த்தார். பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பயமா? எனக்கா?"

"கேட்டுக்கிட்டியா தம்பி," என்றாள் அன்னக்கிளி. "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"