வீரம்மா வாங்கிய சமையல் புத்தகம்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வீரம்மாவுக்குச் சமையல் புத்தகங்களைக் கண்டால் ஏளனம்தான். சட்டியைத் தொடாதவன் எழுதி, சமைக்கத் தெரியாதவன் வாங்குவது என்பாள். அப்படிப்பட்டவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் புத்தகம் வாங்கப் போனாள் என்றால், காரணம் அவள் புருஷன் சின்னராசா.

சின்னராசா முதுகுவலி என்று ஃபெக்டரி வேலையை விட்டவன். பிறகு முதுகு தேறிவிட்டது, ஆள் எழும்பவில்லை. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இங்கே குன்று அப்படியே இருக்கிறது, மாள்வது வீரம்மாதான். நாளெல்லாம் மழையில் நனைந்து, கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஈர விறகை ஊதி அடுப்பு மூட்டுவாள். கொழும்பில் வேலை பார்க்கும் மகள் பூரணி இதைச் சகிக்காமல் ஒரு ஸ்லோ குக்கர் அனுப்பினாள். காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயந்தரம் தானாக வெந்திருக்குமாம். வீடு திரும்பும்போது சுடச்சுட ஒரு வாய் தனக்காகக் காத்திருக்க வேண்டும். வீரம்மா அதைவிடப் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

முதல் நாள் வந்து பார்த்தால், போட்ட பருப்பு வேகாமல் நறநறவென்று கிடந்தது.

"என்ன நடக்குதுன்னு அப்பப்ப தொறந்து பார்த்தேன்," என்றான் சின்னராசா. "மிஷின் சரியில்ல புள்ள. ஒரு புத்தகம் வாங்கிப் பாரு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஆடக்கூட இல்லை.

ஹட்டனில் புத்தகக் கடை ஹமீத் நானா மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டார். முதலாவது பளபளப்பு; பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரத் தட்டு, வாயில் நுழையாத பெயரில் இலை தழை. "இத ஆடுதான் திங்கும் நானா," என்று தள்ளினாள். இரண்டாவது எல்லாவற்றையும் முதலில் அரை மணி நேரம் வதக்கச் சொன்னது. "விடியக்காலம் பெரட்டுல நின்னு வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுற நேரத்துல அடுப்ப மூட்டி வதக்கணும்னா, அந்த அடுப்புலயே ஆக்கிற மாட்டேனா?" மூன்றாவதில், நான்கு மணி நேரம் கழித்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறவும் என்றிருந்தது.

"யாரு கிளறுறது? நான் மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"வீட்டில ஆள் யாரும் இல்லையா தங்கச்சி?"

"இருக்காரு," என்றாள் வீரம்மா. நானா மூன்று புத்தகங்களையும் ஒதுக்கி வைத்தார்.

அடுக்கின் அடியிலிருந்து, படமே இல்லாத மெல்லிய புத்தகம் ஒன்றை உருவிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பச்சையாகவே ஒன்றாகப் போட்டு மூடச் சொன்னது அது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், வேகும்வரை மூடியைத் திறக்க வேண்டாம் என்றும் இருந்தது. எழுதியவளுக்கும் இப்படியொரு புருஷன் வாய்த்திருக்கிறான் என்று வீரம்மாவுக்குப் பட்டது. வாங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கோழி, கிழங்கு, வெங்காயம், தூள் எல்லாம் போட்டு மூடினாள். அந்த முதல் பக்கத்தைப் புருஷனின் முகத்துக்கு நேரே பிடித்து வாசிக்க வைத்துவிட்டுப் போனாள். அன்று மழை விடவேயில்லை. அவளுக்கு அது உறைக்கவுமில்லை. சாயந்தரம் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலிலேயே கோழிக்கறி மணந்தது.

மூடியைத் தூக்கினாள். அடியில் ஒரு கழுத்தெலும்பும் கொஞ்சம் எண்ணெயும் கிடந்தன.

"வேகுற வரைக்கும் தொறக்கவே இல்ல புள்ள, சத்தியமா." சின்னராசா படுத்தபடியே ஏப்பம் விட்டான். "வெந்ததுக்கு அப்புறம்தான் தொறந்தேன். பக்கத்து லயத்து சுமனும் வந்திருந்தான். நல்ல புத்தகம். அடுத்த தடவ கொஞ்சம் கூடப் போடு."

வீரம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓர் ஆளுக்கு அளவாகப் பருப்பும் கிழங்கும் போட்டாள். குக்கரைத் தூக்கிக்கொண்டுபோய், அதே லயத்தில் இருந்து தன்னோடு மலைக்கு வரும் காளியாயியின் வீட்டில் வைத்து ப்ளக்கைச் செருகினாள். காளியாயி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். சின்னராசா வாசலுக்கு எழுந்தே வந்துவிட்டான்.

"அப்ப எனக்கு?"

வீரம்மா புத்தகத்தை அவன் கையில் வைத்தாள்.

"நல்ல புத்தகம்னு சொன்னீங்களே. வாசிச்சுக்கிட்டு இருங்க."