அறுந்து போகாத பெல்ட்

மரத்தில் தொங்கிக்கொண்டு ஆண்டவரைத் திட்டியவன் நான். அதையும் அவர் ஜெபமாக எடுத்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் இன்று இந்தக் கோயிலில் உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் சேவியர். வீடு நீலசந்திராவில். அப்பார்ட்மென்ட்களில் கரண்ட் கம்பி மேலும் கார் மேலும் சாயும் கிளைகளை வெட்டுவது என் வேலை. இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் வார் மாட்டிக்கொண்டு கயிற்றில் ஏறுவோம். அந்த வார்களைச் சேர்த்து பெல்ட் என்போம்.

போன வருடம் மழைக்கு முன்பு கான்ட்ராக்டர் மஞ்சுநாத் புது பெல்ட் கொண்டுவந்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. தொடை வாரில் மெத்தை கிடையாது. வெறும் ஒடுங்கிய நைலான் பட்டை. இறுக்கினால் கவட்டையை அறுக்கும், கால் மரத்துப்போகும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். பெல்ட் பாதுகாப்புக்கு, சொகுசுக்கு இல்லை என்றார். வேறு வழியில்லாமல் தொடை வாரைத் தளர்த்திக்கொண்டு ஏறினேன். எல்லோரும் அப்படித்தான் ஏறினோம்.

விவேக் நகர் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்டில் தூங்குமூஞ்சி மரம். காலைத் தூறலில் கிளை நனைந்திருந்தது. கால் வழுக்கியது. கயிறு தாங்கியது. ஆனால் தளர்ந்த வார் தொடையில் நிற்கவில்லை. இடுப்புப் பட்டை மேலேறி விலாவை நெரித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கிளை இல்லை. கீழே இருந்தவர்கள் தூக்கி வைத்த ஏணியும் எட்டவில்லை.

இயேசுவே காப்பாற்றும் என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறேனே, என் பிள்ளைகளை அநாதையாக்கத்தானா? உமக்குக் கண் இருக்கிறதா? இப்படித்தான் உள்ளுக்குள் கத்தினேன்.

அப்போது எதிரே பால்கனிக்கு ஒரு பெண் வந்தார். அந்த வீட்டில் வேலை செய்யும் செல்வி அக்கா. துவைத்த துணியோடு வந்தவர் என்னைப் பார்த்து அலறவில்லை. கொடியில் துணி போடும் நீளக் கம்பை என் பக்கம் நீட்டினார். நான் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தேன்.

“சாமிய அப்புறம் கூப்புடுப்பா. மொதல்ல இந்தக் கம்பப் புடி.”

பிடித்தேன். இழுத்தார். பால்கனிச் சுவரில் கால் பட்டு, பாரம் காலுக்கு இறங்கியதும் மூச்சு வந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். எனக்கு வந்த வானதூதரின் கையில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

விலா எலும்பில் விரிசல். படுத்துக் கிடந்தேன். ஜெபக்குழுவிலிருந்து வந்த ஒருவர், இது ஆண்டவர் வைத்த சோதனை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாருக்கு மெத்தை வைக்காமல் விட்டது ஆண்டவரா?

மஞ்சுநாத் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன்.

“பெல்ட் அறுந்துச்சா? இல்லல்ல? அப்ப அது நல்ல பெல்ட்தான். லூஸ் பண்ணது நீ.”

அந்த வார வியாழக்கிழமை கோயிலில் நடக்கும் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். மன்னிக்கும் மனதைத் தாரும் என்று நான் கேட்கவில்லை. ஆண்டவரே, அந்த ஆளை ஒரு தடவை அதே பெல்ட்டில் தொங்கவிடும் என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் மண்டியிட்டிருந்த என் மனைவி ரோசி திகைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் ஆமென் என்றாள்.

உடம்பு தேறி வேலைக்குப் போன அன்று, அந்த பெல்ட்டோடு ஏற மாட்டேன் என்று நின்றேன். மற்றவர்களும் என்னோடு நின்றார்கள். அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சுநாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

“குடு இங்க. நானே போட்டுக் காட்டறேன்.”

நான் அவரை அதற்குத் தூண்டவில்லை. அவர் வாயிலிருந்தே வந்தது. தாழ்ந்த கிளையில் கயிறு கட்டி, வார்களை நன்றாக இறுக்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டோம். நான் மனதுக்குள் அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினேன். ஜெபமாலையில் பத்து மணி உருட்டும் நேரம் முடிவதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. இறக்கச் சொன்னார். இறங்கியவர் தொடையைத் தேய்த்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று யாரும் ஏறவில்லை.

அடுத்த வேலைக்கு வேறு பெல்ட் வந்தது. தொடைக்கு உள்ளங்கை அகல மெத்தை வார், இடுப்புக்கு அதைவிட அகலம். எவ்வளவு இறுக்கினாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் யாரும் தளர்த்துவதில்லை. சொகுசு என்று அவர் சொன்னதுதான் பாதுகாப்பு.

மஞ்சுநாத் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கோபமும் முழுதாகத் தீரவில்லை. ஆண்டவர் அதை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார். இப்போதெல்லாம் எந்த பெல்ட் கொடுத்தாலும் முதலில் தாழ்வாகத் தொங்கி, ஜெபமாலையில் பத்து மணி சொல்லி ஜெபிப்பேன். வலியில்லாமல் முடித்தால்தான் மேலே போவேன். என்னோடு ஏறுகிறவர்களையும் தொங்கிப் பார்க்க வைப்பேன். அவரவர் சாமியை அவரவர் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டிலும் உயரத்தில் வேலை செய்கிறவர் யாராவது இருக்கலாம். அவருக்காக ஜெபியுங்கள், அவர் கட்டும் வாரையும் கையால் தொட்டுப் பாருங்கள். நெஞ்சு கொதித்தால், கொதிக்கிற நெஞ்சோடே கோயிலுக்கு வாருங்கள். காலையில் வேலைக்குப் போன ஆள் சாயந்தரம் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அதைக் கேட்க நல்ல வார்த்தை தேடாதீர்கள். கேளுங்கள். ஆண்டவர் தருவார்.