மூன்று பக்கத் தாளம்

எண்பத்தாறில் என் அண்ணன் முனிவேலின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஓசூரில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும்போது நடந்தது அது. முதலாளி அவனை வெளியே அனுப்பவில்லை. கழிவுத் தகடு பொறுக்கும் வேலைக்கு மாற்றினார். அதைப் பெரிய தயவு என்று எங்கள் அம்மா மாரம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு விரல் போனதைவிட டோலக் போனதுதான் வலித்தது. பாகலூர் ராஜப்பனின் மெல்லிசைக் குழுவில் ஐந்து வருஷம் வாசித்தவன் அவன்.

ராஜப்பன் நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் நிலத்தில்தான் அம்மா களை எடுத்தாள். அடுத்த வருஷம் அவர் பெங்களூரில் யாரிடமோ பழைய ரிதம் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். அதில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எதை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடம் வரும்போது சத்தம் கேட்கும். பதினாறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். குழுவில் யாருக்கும் அது பிடிபடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதுக்கு ஒரு விரல் போதும்டா. உனக்குத்தான் எட்டு இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டுப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

மாரியம்மன் ஊர்வலத்தில் எங்கள் ஆட்கள் அடிக்கும் அடி ஒன்று உண்டு. பெரிய மேளம் நாலு நாலாக நடக்கும். அதன் மேல் சின்ன மேளம் மூன்று மூன்றாக ஓடும். ஆடுகிறவனின் கால் ஒன்றைக் கேட்கும், தோள் மற்றதைக் கேட்கும். அந்த அடியைப் பெட்டிக்குள் ஏற்றத்தான் அண்ணன் ஆசைப்பட்டான். நாலு நாலாக நடப்பது சுலபமாக உட்கார்ந்துவிட்டது. சின்ன மேளத்துக்குப் பதிலாக மூன்று மூன்றாக வைத்த மணிச் சத்தம்தான் பதினாறாவது பொத்தானில் ஒரு தரமும், உடனே ஒன்றில் ஒரு தரமும் அடித்து இடறியது.

"உன் மணிக்குக் கால் தடுக்குதுடா, விட்டுடு" என்றார் ராஜப்பன்.

அவன் விடவில்லை. இடது கையை விரித்து, கட்டை விரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவான். "பாரு செல்லி. நெடுக்கப் போனா மூணு, குறுக்கப் போனா நாலு. கையில சண்டையில்லாம இருக்குது, பெட்டியில எதுக்கு இடிக்குது?" வலது கையில் பேனா நிற்காது என்பதால், கம்பெனி லீவு லெட்டரைப் போலவே நோட்டில் கட்டம் போடுவதும் என் வேலை. ஏழாவதோடு நின்றவள் நான். கட்டம் போடப் படிப்பு வேண்டாம். அவன் சொல்லச் சொல்லப் பெருக்கல் குறி போட்டேன். முதல் பக்கத்தில் மணி ஒன்றில் தொடங்கியது. அடுத்த பக்கத்தில் மூன்றில் தொடங்கியது. அதற்கடுத்ததில் இரண்டில். நாலாவது பக்கம் போடப் போனால் மணி மறுபடி ஒன்றில் வந்து நின்றது.

"மூணே பக்கம்" என்றான். மூன்றையும் பெட்டியில் தனித்தனியாக ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி கோத்தான். மணி இடறவில்லை.

அந்த வருஷம் குழுவுக்குக் கிராக்கி கூடியது. அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து கன்னடக்காரர்கள்கூட வந்து தேதி கேட்டார்கள். ஆனால் கல்யாண வீடுகளில் ஊனக்கையன் மேடையில் இருந்தால் ஆகாது என்றார்கள். அண்ணன் மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியை ஓட்டினான். மேடையில் மற்றவர்களோடு ஒரு நாற்காலி, அவன் கேட்டது அவ்வளவுதான். ராஜப்பன் ஒவ்வொரு தரமும் "அடுத்த கச்சேரிக்குப் பாத்துக்கலாம்" என்பார். எட்டு மாதம் கழித்து வேறொன்று சொன்னார்.

"தாளமெல்லாம் பெட்டிக்குள்ள ஏறிடுச்சு. பொத்தான அமுக்க நான் போதும். நீ எதுக்கு ராவெல்லாம் அலையற?"

அண்ணன் அன்றைக்கு இரண்டு கவளம்தான் சாப்பிட்டான்.

பெட்டியின் அடியில் பேட்டரி செல் போட்டு வைத்திருப்பான். கரண்ட் இல்லாத நேரத்தில் தாளம் அழியாமல் காப்பது அந்தச் செல்தான். ராஜப்பனிடம் அதை அவன் சொல்லியும் இருந்தான். மாசி மாதம் சானமாவுக் காட்டுப் பக்கம் கச்சேரி முடிந்து திரும்பும்போது ரோட்டில் யானை நிற்கிறது என்று வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். டார்ச்சில் செல் தீர்ந்திருந்தது. பெட்டியில் இருந்ததைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்கள். வேன் ஓட்டும் திம்மப்பன்தான் எங்களிடம் வந்து சொன்னார்.

"யானைய ஒருத்தனும் பாக்கல முனிவேலு. விடிஞ்சு பாத்தா பெட்டிதான் ஊமையாயிடுச்சு."

இரண்டு நாளில் ராஜப்பன் வந்தார். பாகலூர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"ஏத்தித் தரன்ண்ணா" என்றான் அண்ணன். "நாற்காலி போட்டாத்தான்."

"எவன்கிட்ட பேசறன்னு தெரியுதா?"

"தெரியுதுண்ணா. நாற்காலி."

ராஜப்பன் சுவரைப் பார்த்தார். "யோசிச்சு சொல்றன்" என்று போய்விட்டார். அண்ணன் அன்று கம்பெனிக்குப் போகும்போது இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் ஷிப்டில் இருந்தபோது ராஜப்பன் திரும்ப வந்தார். நோட்டு இருப்பதை அம்மா களைக் கொத்தோடு நின்று பெருமையாக அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குமுன் வாசலோடு நின்று பேசியவர், அன்றைக்கு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டுச் சொம்பில் வாங்கிக் குடித்தார்.

"ஏம்மா செல்லி, நீயாமே எழுதன? அந்த நோட்ட குடு, பாத்துட்டுக் குடுத்துடறன்."

அண்ணன் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அந்த வீட்டுக்காரர்களிடம் எங்களில் யாரும் அதுவரை இல்லை என்று சொன்னதில்லை. அதிலும் எங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்கிறவரிடம் எப்படிச் சொல்வது? எடுத்துக் கொடுத்தேன். அண்ணனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

திருவிழாவுக்கு எடுத்துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் போனான். ராஜப்பன் கடைசி நேரத்திலாவது கூப்பிடுவார் என்று நம்பினான். நானும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் நின்றோம். நாலு நாலாக மேளம் எழுந்தது. அதன் மேல் மணி ஓடியது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், எங்கும் இடறவில்லை. ஜனம் எழுந்து ஆடியது. மேடையில் நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மேடைக்குக் கீழே நின்ற அண்ணன் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நீதான் குடுத்தியா?"

"வந்து கேட்டாரு அண்ணா."

பாயை விரித்து உட்கார்ந்தான்.

"ரொம்ப சுத்தமா எழுதியிருக்கற செல்லி. எவன் பாத்தாலும் புரியும். ஒரு கட்டங்கூட தப்பில்ல."

அதன்பிறகு அவன் என்னைத் திட்டவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. கம்பெனிக்கு லீவு லெட்டர் எழுத வேண்டியிருந்தால் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போவான்.